பருவந்தோறும் நின்ற பாவை: ஓவியர் அம்ரிதா ஷெர்கில்

மலையும் பாவையும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பாதை சோளக்காட்டில் கொல்லிமலையின் மேற்பரப்பைத் தொடுகின்றது. கீழே நாமக்கல் சமவெளி வெயிலில் வெளிறிக் கிடக்கும்போதே, மேலே பனி இறங்கி மரங்களின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். அப்பனியினூடே பலாவும் வாழையும் அன்னாசியும் சுமந்து சந்தைக்கு வரும் மலைமக்களின் உருவம் முதலில் நிழலாகவும், பின்னர் நிறமாகவும், இறுதியில் முகமாகவும் புலப்படும். உருவத்தையும் நிலத்தையும் பருவத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாத காட்சி அது.

சங்கப் புலவர்கள் இம்மலையை ஒரு பாவையோடு சேர்த்தே நினைத்தனர். தெய்வம் அமைத்ததாகக் கருதப்பட்ட கொல்லிப்பாவை, காற்று மோதினும் மழை வீசினும் இடி இடிப்பினும் தன் உருவநலம் குன்றாதது என்பது நற்றிணை தரும் செய்தி. உருவம் ஒன்று, அதனைச் சூழ்ந்து மாறும் பருவங்கள் பல. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மனித உணர்வை உரிப்பொருளாக அதன்மேல் நிறுத்திய தொல்காப்பியரின் நெறியும் இதுவே.

இந்நெறியை அறியாமலேயே தம் தூரிகையால் அதே வழியில் நடந்தவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் அம்ரிதா ஷெர்கில். கன்னியாகுமரி வரை வந்த அவருடைய பயணம் கொல்லிமலையைத் தொடவில்லை. ஆயினும், மலைமக்களின் உருவத்தையும் அவர்கள் நிற்கும் மண்ணையும் எண்ணெய் வண்ணத்தில் ஒருசேரக் கண்ட அவருடைய வாழ்க்கை, குறிஞ்சி நிலத்தில் நின்று கவிதை எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

பிறப்பும் இளமையும்

அம்ரிதா 1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் பஞ்சாபின் மஜீதியா என்னும் பெருநிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர்; வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர்; ஒளிப்படக் கலையில் தோய்ந்தவர். தாய் மரி அன்துவானெத் ஹங்கேரிய நாட்டு இசைப்பாடகி. 1914 இல் தங்கை இந்திரா பிறந்தார். அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டமையால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. டான்யூப் ஆற்றங்கரை ஊர்ப்புறத்தில் அம்ரிதாவின் குழந்தைப் பருவம் கழிந்தது.

1921 இல் குடும்பம் இந்தியாவிற்கு வந்து சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் குடியேறியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரம் அக்காலத்தில் ஆங்கில அரசின் கோடைத் தலைநகராக விளங்கியது. கோடையில் ஆட்சியாளரும் அவர்தம் விருந்துகளும் நிறைந்திருக்கும். குளிர்காலத்தில் அவர்கள் இறங்கிச் சென்றபின் பனியும் மலைவாழ் உழைப்பாளரும் எஞ்சுவர். கோடையின் சிம்லாவும் குளிரின் சிம்லாவும் இருவேறு உலகங்கள். பிற்காலத்தில் அம்ரிதா எவ்வுலகைத் தம் படங்களுக்குத் தேர்ந்தார் என்பதே அவர் வாழ்வின் சாரம் எனலாம்.

பாரிசின் சாம்பல் ஒளி

மகளின் ஓவியத் திறனை உணர்ந்த பெற்றோர் 1929 இல் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர். முதலில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் பியேர் வையானிடம் பயின்றார். பின்னர் எகோல் தெ போசார் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் லூசியன் சிமோனிடம் மாணவியானார். மனித உடலை அதன் எலும்பும் தசையும் அறிந்து வரையும் பயிற்சி அங்குக் கிட்டியது. செசான், கோகென் ஆகியோரின் படைப்புகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1932 இல் தீட்டிய ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம் பாரிசின் பெருங்கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்தது. அதன் பயனாக 1933 இல், இருபது வயதிலேயே, அக்கண்காட்சி அமைப்பின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

எண்ணெய் வண்ணம் என்னும் ஊடகத்தின் இயல்பை இங்கு ஒருசிறிது அறிதல் நலம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகும் தன்மையது. குளிரில் அது மேலும் தாமதிக்கும். இத்தாமதமே ஓவியர்க்குக் கிடைக்கும் அவகாசம். தீட்டியதைத் திருத்தலாம், அடுக்கின்மேல் அடுக்காக நிறத்தை ஆழப்படுத்தலாம். 1841 இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்து வைக்கும் மெல்லிய உலோகக் குழாயைக் கண்டறிந்த பின்னரே, ஓவியர்கள் கூடத்தை விட்டு வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் எளிதாகச் செல்ல முடிந்தது. வெளியிலோ ஒளி நிற்பதில்லை, கணந்தோறும் நகர்கின்றது. உலராது காத்திருக்கும் வண்ணத்தையும் காத்திராது நகரும் ஒளியையும் இணைப்பதே திறந்தவெளி ஓவியரின் இடர்ப்பாடு. அம்ரிதா இவ்விடர்ப்பாட்டிற்குத் தமக்கே உரிய விடை ஒன்றைக் கண்டார். கணத்தின் ஒளியை அவர் துரத்தவில்லை. ஒரு பருவம் முழுவதும் மண்ணிலும் மேனியிலும் படியவிடும் நிறத்தையே தேடினார்.

அவர்தம் நிறங்களின் செழுமைக்கு மேலைநாட்டுக் கூடங்களின் சாம்பல் ஒளி உரிய களமன்று என்று ஆசிரியரே கருதியதாகப் பின்னாளில் அம்ரிதா எழுதினார். 1933 அளவில் இந்தியாவிற்குத் திரும்பும் வேட்கை அவரை ஆட்கொண்டது. 1934 இன் இறுதியில் அவர் தாயகம் திரும்பினார்.

குளிர்கால இந்தியா

திரும்பிய காலம் குளிர்காலம். அக்காலச் சுற்றுலாச் சுவரொட்டிகளும் ஆங்கில ஓவியர்களும் காட்டிவந்த இந்தியா பொன்வெயில் பொழிவது. வண்ண ஆடைகள் மின்னுவது. அம்ரிதாவின் கண் கண்டதோ வேறு. மஞ்சளும் சாம்பலும் கலந்து எல்லையின்றி விரிந்த நிலம், அதில் ஓசையின்றி நடமாடும் மெலிந்த கருமேனி மக்கள், அவர்தம் முகங்களில் படிந்த துயரம் ஆகியவற்றையே தாம் கண்டதாக அவர் பதிவு செய்துள்ளார். வறுமையைக் கண்டு இரங்கிய பார்வை மட்டுமன்று அது. அத்துயரத்தில் ஓர் அழகும் உண்டு என்று உணர்ந்த பார்வை. அதனைக் கதையாகச் சொல்லாமல் கோட்டினாலும் நிறத்தினாலும் மட்டுமே உணர்த்த வேண்டும் என்னும் உறுதி அவரிடம் பிறந்தது.

1935 இல் ‘மலைநாட்டு ஆடவர்’, ‘மலைநாட்டுப் பெண்கள்’, ‘அன்னை இந்தியா’, ‘மூன்று சிறுமியர்’ ஆகிய ஓவியங்கள் உருவாயின. மலைநாட்டு ஓவியங்களில் உருவங்கள் பெரியன. பின்னணி மிகச் சுருங்கியது. மலையையோ மரத்தையோ விரித்துக் காட்டாமலே, போர்த்திய துணியின் மடிப்பிலும் குவிந்த தோளிலும் தாழ்ந்த விழியிலும் மலையின் குளிரை அவர் வைத்துவிட்டார். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரும் முன்பனியும் சொல்லப்படுவதைத் தமிழர் அறிவர். அம்ரிதாவின் மலைமக்கள் அப்பொழுதில் நிற்பவர்கள்.

இவ்வோவியங்களைச் சிம்லாவின் மேட்டுக்குடி வரவேற்கவில்லை. 1935 இல் சிம்லா நுண்கலைக் கழகத்தின் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களுள் ஐந்து மறுக்கப்பட்டன. ஏற்கப்பட்டவற்றுள் ஒன்றிற்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. பரிசை அவர் திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் இச்செயல் செருக்கு என்று பேசப்பட்டது. அவரைப் பொறுத்தவரை, விரும்பப்படும் படத்திற்கும் தாம் கண்ட உண்மைக்கும் இடையே தேர்வு செய்யவேண்டிய வேளை அது. அவர் தேர்ந்தெடுத்தார், அதற்குரிய விலையையும் வாழ்நாள் முழுதும் கொடுத்தார். ‘மூன்று சிறுமியர்’ 1937 இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் தங்கப்பதக்கம் பெற்றதாயினும், அவர் படங்களை விலை கொடுத்து வாங்கியோர் சிலரே.

தெற்கின் செம்மண்

1936 இன் இறுதியில் பரதா உகிலுடன் அம்ரிதா தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பம்பாயில் கண்காட்சி நடத்திய பின்னர் அஜந்தாவையும் எல்லோராவையும் கண்டார். பாரிசில் கற்ற உடலமைப்பின் இலக்கணத்தை அஜந்தாவின் சுவர்கள் மாற்றி எழுதின. எலும்பையும் தசையையும் எண்ணிக் காட்டாமலே, வளைகோடு ஒன்றால் உடலின் உயிர்ப்பைக் காட்டலாம் என்பதை அங்கு உணர்ந்தார். ஹைதராபாத்தில் சாலார் ஜங் பார்வையிட்ட படங்கள் விலைபோகாது திரும்பின. பயணம் தொடர்ந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து அவற்றைப் படியெடுத்தார். 1937 இன் தொடக்கத்தில் கன்னியாகுமரியையும் கண்டார்.

வடக்கின் முன்பனியில் மண் வெளிறும். அதே பொழுதில் தெற்கின் மேலைக்கடற்கரை பசுமை மாறாது நிற்கும். செம்மண், கருமேனி, வெள்ளாடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் அந்நிலத்தில், வெயிலைத் தனியே தீட்ட வேண்டிய தேவையில்லை என்பதை அம்ரிதா கண்டுகொண்டார். வெண்மையை வெண்மையாகவே வைத்து, அருகில் கருமையை நிறுத்தினால் வெயில் தானே தோன்றும்.

சிம்லா திரும்பிய பின் 1937 இல் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குச் செல்லுதல்’ என்னும் மூன்று பெரும் ஓவியங்களை முடித்தார். தென்னாட்டு மும்மை என்று போற்றப்படும் இவை, கண்ட இடத்தில் நின்று தீட்டப்பட்டவை அல்ல. நிலத்தை விட்டு அகன்று, இமயத்தின் அடிவாரக் குளிரில் இருந்துகொண்டு, நினைவில் தங்கியதை மட்டும் அவர் தீட்டினார். நினைவு வேண்டாதவற்றை உதிர்த்துவிடுகின்றது. சந்தைக்குச் செல்லும் அம்மக்கள் விரைவதில்லை. சிற்பம்போல் அமைதி கொண்டுள்ளனர். பிரிந்த பின்னரே நிலம் முழுமையாகத் துலங்கும் என்பது அகப்பாடல் மரபில் தோய்ந்தோர்க்குப் புதிய செய்தியன்று.

ஐரோப்பியப் பனியும் ஆறு பருவமும்

1938 இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரும் மருத்துவருமான விக்டர் ஏகனை மணந்தார். ஓராண்டு அங்குத் தங்கினார். அக்காலத்தில் தீட்டிய ‘ஹங்கேரியச் சந்தைக் காட்சி’ அவருடைய வளர்ச்சியில் ஒரு திருப்பமாகும். வெண்ணிறத் தேவாலயக் கோபுரம் எழுந்து நிற்க, அதன் அடியில் கருநிற ஆடையணிந்த ஊர்மக்கள் சிறிய உருவங்களாகக் கூடியுள்ளனர். குளிர்கால நிலக்காட்சியையும் அவர் தீட்டினார். பெரிதாக முன்னின்ற உருவம் இப்போது சிறிதாகி நிலத்திற்குள் சென்று அமர்ந்தது.

இவ்வோவியங்களில் பதினாறாம் நூற்றாண்டின் ஃபிளெமிய ஓவியரான பீட்டர் ப்ரூகலின் சாயலை ஆய்வாளர் காண்பர். ப்ரூகல் 1565 இல் ஆண்டின் பருவங்களை வரிசையாகத் தீட்டினார். ஆறு ஓவியங்கள் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து; இன்று எஞ்சியவை ஐந்து. பனியில் வீடு திரும்பும் வேட்டைக்காரரும் கோடையில் கதிரறுத்து மர நிழலில் உண்போரும் அவற்றில் உள்ளனர். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்துக் கார் முதல் முதுவேனில் ஈறாக வரிசைப்படுத்திய தமிழ் மரபினர், தொலைதூர ஃபிளாண்டர்சில் ஒருவர் பொழுதையும் தொழிலையும் மக்களையும் ஒரே சட்டத்தினுள் வைத்ததை வியப்பின்றி ஏற்றுக்கொள்வர்.

மருதத்தில் இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போர் மூளுமுன் 1939 இல் இருவரும் இந்தியா திரும்பினர். பின்னர் கோரக்பூர் அருகே, தந்தையின் குடும்பத்தாருக்குரிய சரையா என்னும் சர்க்கரை ஆலைப் பண்ணையில் வாழ்ந்தனர். மலை நீங்கி, கரும்பு வயலும் யானையும் எருமையும் நிறைந்த சமவெளி வாய்த்தது. குறிஞ்சியின் ஓவியர் மருதத்திற்கு வந்தார் எனலாம். மருதத்திற்கு ஆறு பருவமும் உரியவை. ‘பண்டைக் கதைசொல்லி’, ‘ஊஞ்சல்’, ‘மஞ்சள் அரைப்போர்’, ‘கட்டிலில் சாய்ந்த பெண்’ முதலிய 1940 ஆம் ஆண்டு ஓவியங்களில் முகலாய, பகாரிச் சிற்றோவியங்களின் சிவப்பும் பச்சையும் சுடர்கின்றன. வீட்டு முற்றத்தில் அடைபட்ட பெண்களின் வேனிற்கால நண்பகல், அதன் நீளம், அதன் சலிப்பு ஆகியவை நிறமாகவே வெளிப்படுகின்றன.

அவருடைய பார்வைக்கு எல்லை இருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. பண்ணை உரிமையாளர் வீட்டுப் பெண்ணாகவே அவர் அம்மக்களிடையே வாழ்ந்தார். அவருக்கு உருக்காட்டி அமர்ந்தோருட் பலர் அக்குடும்பங்களை அண்டி வாழ்ந்த உழைப்பாளர். அவர்தம் பெயர்கள் படங்களின் தலைப்பில் இடம்பெறவில்லை. மலைநாட்டுப் பெண்கள் என்றும் கிராமத்தார் என்றுமே அவர்கள் அறியப்படுகின்றனர். அம்மக்களின் துயரை அழகாக்கினார் என்னும் குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒன்று கூறலாம். அவர் அவர்களைச் சிரிக்க வைக்கவில்லை; பார்ப்போரை மகிழ்விக்க வண்ண ஆடை உடுத்திக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை; மலையின் அழகுக்கு அணியாக ஓரத்தில் நிறுத்தவில்லை. அரசர்க்கும் செல்வர்க்கும் உரியதாயிருந்த பெருந்திரையின் நடுவிடத்தை அவர்களுக்கு அளித்தார்.

1941 செப்டம்பரில் அம்ரிதாவும் கணவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். 1937 இல் அவருடைய கண்காட்சியை ஆர்வத்துடன் வரவேற்ற நகரம் அது. டிசம்பரில் மீண்டும் ஒரு கண்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் திடீரென நோயுற்று, டிசம்பர் 5 அன்று நள்ளிரவை ஒட்டி உயிர்நீத்தார். நோயின் காரணம் குறித்து இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. முன்பனிக்குரிய தையில் பிறந்தவர் கூதிருக்குரிய கார்த்திகையில் மறைந்தார்.

ஓவியச் சட்டத்தில் முடிவுறாத படம் ஒன்று எஞ்சியிருந்தது. அவர் வீட்டு மாடியிலிருந்து காணக்கூடிய கட்டடங்களும் அவற்றின் கீழே கருநிற எருமைகளும் அதில் உள்ளன. முன்னின்ற பேருருவம் எதுவும் அதில் இல்லை. முகத்திலும் மேனியிலும் தொடங்கிய அவர் பயணம் படிப்படியாக நிலத்தை நோக்கி நகர்ந்ததற்கு அப்படமே இறுதிச் சான்று. அடுத்து எங்குச் சென்றிருப்பார் என்பதை அறிய வழியில்லை.

எஞ்சியவை

அறியப்பட்ட அவருடைய படைப்புகள் ஏறத்தாழ நூற்றெழுபது. அவற்றுள் பெரும்பகுதி புது தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. 1976 இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவித்தது. ஆகவே அவை நாட்டைவிட்டு வெளியே விற்கப்படலாகா. 1978 இல் ‘மலைநாட்டுப் பெண்கள்’ அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 2023 செப்டம்பரில் ‘கதைசொல்லி’ என்னும் 1937 ஆம் ஆண்டு ஓவியம் 61 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. இந்திய ஓவியம் ஒன்றிற்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த விலைகளுள் அதுவே மிக உயர்ந்தது. உயிரோடிருந்தபோது படம் விற்காமல் திரும்பிச் சென்றவருக்குக் காலம் அளித்த விடை அது. ஆனால் அவ்விலை படத்தின் பெருமையைக் கூட்டவுமில்லை. முன்பு விலைபோகாமை அதனைக் குறைக்கவுமில்லை.

மலையைப் பாடுதல் எளிது. அருவியும் மூடுபனியும் மிளகுக்கொடியும் கேளாமலே சொற்களைத் தந்துவிடும். சுமையோடு வளைவேறி வரும் மனிதரை அம்மலையின் நடுவில் நிறுத்திப் பாடுவது அரிது. அவரை இரக்கப்பொருளாகவும் ஆக்காமல், அலங்காரப்பொருளாகவும் ஆக்காமல், அவர்மீது படிந்த பருவத்தோடு காண்பது அதனினும் அரிது. அம்ரிதா ஷெர்கில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குள் முயன்றது அவ்வரிய செயலையே. முழுமையாக வென்றார் என்று கூற இயலாது. அதனினும் குறைவானதற்கு இசையவில்லை என்று கூறலாம்.

சோளக்காட்டுச் சந்தை நாளில் பனி விலகும்போது முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. கூதிரிலும் வேனிலிலும் அவர்கள் வருகின்றனர்; மழையிலும் காற்றிலும் நிற்கின்றனர். கொல்லிப்பாவையைப் புலவர்கள் கண்ட இம்மலையில், பருவந்தோறும் நலம் குன்றாது நிற்கும் உருவங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. காணும் கண்ணையே காலம் வேண்டி நிற்கின்றது.